ஆற்று இரைச்சலுக்குள் ஓர் அழுகை

படகில் ஏறுவதற்கு முன் எல்லாருடைய கைத்தொலைபேசிகளையும் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பள்ளத்தாக்குக்குள்ளே சிக்னல் இல்லை, இடையில் இறங்கிப் போகப் பாதையும் இல்லை, ஆறு கொண்டுபோய் விடுகிற இடத்தில்தான் கரையேறலாம் என்றாள் படகோட்டிப் பெண். பூட்டுவதற்கு முன் சம்பந்தியார், அதாவது என் மகளின் மாமனார், கடைசியாக யாழ்ப்பாணத்துக்கு எடுத்துத் தாயோடு கதைத்தார். "ஒரு கிழமைக்கு எடுக்கமாட்டன் அம்மா, வந்து கதைக்கிறன்." "தலையை நனைக்காத ராசா, சளி பிடிச்சிடும்" என்று கிழவி சொன்னது எனக்கும் கேட்டது. எழுபதை நெருங்குகிற மனிதர் "ஓம் அம்மா" என்றார்.

அந்த அமெரிக்கப் பாலைவனப் பள்ளத்தாக்குக்கு அவரை இழுத்துக்கொண்டு போனவன் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லண்டன் வந்து கோப்பை கழுவி, இன்று டூட்டிங்கில் வரிசையாகக் கடை வைத்திருக்கிறவன். யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு போன் அடித்து முடித்துவிடுவேன். அவரோ கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, அளந்து பேசுகிற மனிதர். "பேரப்பிள்ளையளுக்குச் சொல்ல ஒரு கதையாவது வேணுமே, வாங்கோ சம்பந்தி" என்றேன். வந்தார்.

இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர்கள், மேலே கிழித்துவிட்ட துணிபோல வானம். நடுவழியில் ஒரு மாலை, மணல்திட்டில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது படகோட்டிப் பெண், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலைசெய்கிற செய்மதித் தொலைபேசியோடு வந்தாள். தாய் போய்விட்டா என்று அவருடைய தம்பி சொல்லியனுப்பியிருந்தார். மூத்த மகன் வரும்வரை உடலை வைத்திருப்பதா, எடுப்பதா என்று அங்கே சனம் காத்திருந்தது. கொள்ளி வைக்கவேண்டியவர் அவர்.

நான் விடவில்லை. ஹெலிகொப்டரைக் கூப்பிடு, காசு நான் தருகிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அந்தப் பெண்ணோடு மல்லுக்கட்டினேன். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும்தான் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். "விடுங்கோ சம்பந்தி" என்று அவர் தொலைபேசியை வாங்கினார். "தம்பி, எடுங்கோ. என்னைப் பார்த்துக்கொண்டு அம்மாவைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கவேண்டாம். கொள்ளியை நீ வை." அழவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லவும் என்னை விடவில்லை. "பாவம், சந்தோசமா வந்த சனம்" என்றார்.

அடுத்த நாள் காலை மிதவை அங்கியை மாட்டும்போது, "இப்ப எரிஞ்சு முடிஞ்சிருக்கும்" என்றார். ஆறு பாறைகளுக்கிடையில் நெருங்கி விழுகிற இடம் வந்தது. படகு மூக்குக் குத்தி எழும்ப, வெள்ளைக்காரர் எல்லாரும் கையைத் தூக்கி ஊளையிட்டார்கள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "அம்மா... என்ர அம்மா..." அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. அந்த இரைச்சலுக்குள் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. தண்ணீர் அடங்க அவரும் அடங்கினார். பின்னால் இருந்தவன் முதுகில் தட்டி, நன்றாக அனுபவித்தீர்கள் ஐயா என்று பாராட்டினான். சம்பந்தியார் அவனுக்கு நன்றி சொன்னார். முன்னால் போன படகிலிருந்த யாரோ அந்த நேரத்தில் எங்களைக் கமராவில் படமெடுத்து, பிறகு எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

போன மாதம் சம்பந்தியாரும் போய்விட்டார். இங்கே லண்டனில், செத்தவீட்டு மண்டபத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அப்பா இப்படி வாய்விட்டுச் சிரித்துக் கண்டதில்லை என்று மருமகன் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றார். எந்தச் சபையிலும் முதல் ஆளாக எழும்பிப் பேசுகிறவன் நான். அன்று கதிரையை விட்டு அசையவில்லை. பேத்தி வந்து தோளில் சாய்ந்தாள்.

"அம்மப்பா, நீங்க பக்கத்தில இருந்தனீங்கள்தானே. அப்பப்பா சோ ஹாப்பி, என்ன?"

"ஓம் பிள்ளை" என்றேன். "நல்லாச் சத்தம் போட்டவர்."