அரிசி டிரம்மில் இருந்த மெரூன்

காலை ஐந்து மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பஸ் ஏறும்போது என் பையில் ஒரு ஸ்பானர் செட், ஒரு டார்ச், மாற்றுச் சட்டை, இருபத்தெட்டாயிரம் ரூபாய் இருந்தன. டிக்கெட் இருநூற்று ஐம்பது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். மற்ற இரண்டு நாள் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிரித்தவற்றில் திரும்பப் பூட்டி ஓட வைத்தது இதுவரை இரண்டுதான். மூன்றாவதைத் தேடித்தான் இந்தப் பயணம்.

தேடியது ஒரு பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள். அதிலும், கம்பெனியில் அடித்த பெயிண்டின் மேல் வேறு யார் கையும் படாத எஸ்டி. இன்ஜினுக்குச் சாமான் கிடைக்கும், சக்கரம் கிடைக்கும், சீட்டைத் தைத்துக்கொள்ளலாம். அந்த முதல் பெயிண்டும் அதன் மேல் கையால் இழுத்த தங்கக் கோடும் போனால் போனதுதான், எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இரண்டு வருடமாக அலைந்து ஒன்பது வண்டி பார்த்தேன். ஒன்பதிலும் யாரோ ஒரு புண்ணியவான் பிரஷ்ஷோடு எனக்கு முன்னால் போயிருந்தார். பத்தாவதுதான் தேங்காய்ப்பட்டணத்து கிளீட்டஸின் வண்டி. விளம்பரப் படத்தில் மெரூன் நிறம், தூசி, துரு, மங்கிய தங்கக் கோடு. இதைவிட அழகான படத்தை நான் பார்த்ததில்லை. போன் செய்தபோது அவர் மனைவி ஜெசிந்தாள் எடுத்தார். "வண்டியை ஒண்ணும் செஞ்சிடாதீங்கம்மா, துடைக்கக்கூட வேண்டாம்" என்று மூன்று தடவை சொல்லி வைத்தேன்.

10.15. நாகர்கோவிலில் இறங்கி, இரண்டு பழம்பொரி தின்று, மார்த்தாண்டம் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து தேங்காய்ப்பட்டணத்துக்கு இன்னொரு பஸ், இன்னும் பதினான்கு கிலோமீட்டர். வலது பக்கம் ரப்பர், இடது பக்கம் தென்னை, நடுவில் பஸ் போக இடம் இருக்கிறதா என்று டிரைவர் மட்டுமே அறிவார். பக்கத்து சீட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு அம்மா, மடியில் காலி அலுமினியச் சட்டி.

"எங்க போறிய?"

"பழைய பைக் ஒண்ணு வாங்கப் போறேன்மா. துருப்பிடிச்ச வண்டி."

"மதுரையில இருந்தா? ஒங்க ஊருல துரு கெடைக்காதா?"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னும் முக்கால் மணி நேரத்தில் என் வண்டி என்கிற தைரியம்.

12.10. கிளீட்டஸின் வீடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. அறுபதை நெருங்கும் மனிதர், சொந்த வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் தார்ப்பாயால் மூடிய ஒரு உருவம்.

"சாரே, கண்ண மூடிக்கிடுங்க. ஆங்... இப்பம் பாருங்க!"

கண்ணைத் திறந்தேன். நீலம். பளீரென்ற வள்ளத்து நீலம். டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் மூடி, எல்லாம் நீலம். தங்கக் கோடு இருந்த இடத்தில் விரல் பருமனுக்கு மஞ்சள்.

"ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கேன். எனக்க வள்ளத்துக்கு வாங்கி வச்ச பெயிண்டு. எத்தற உப்புக்காத்து அடிச்சாலும் அசையாது. டேங்க் நெறையப் பெட்ரோலும் ஊத்தியாச்சி."

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேனே?"

"பறைஞ்சா. மரியாதைக்கிப் பறையியன்னு நெனச்சேன். ஒரு கையில இருந்து மறுகைக்கிப் போற சாமானத்த அழுக்கோட குடுப்பாவளா? வள்ளம் வித்தாலும் புதுசா பெயிண்டு அடிச்சித்தான் விடுவோம். வாங்குறவன் கேக்கவும் மாட்டான், நாங்க விடவும் மாட்டோம்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "டூல்பாக்ஸ் மூடி ரெண்டையுந்தான் காணல்ல. வீட்டப் பெரட்டிப் போட்டுத் தேடிட்டேன்" என்றார்.

வண்டியின் இரண்டு பக்கமும் மூடியில்லாமல் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எனக்கு நன்றாகக் கோபம் வந்தது. இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வந்தது பத்தாவது புண்ணியவானைப் பார்க்கவா? வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வாயெடுத்தேன். அதற்குள் சோப்புத் துண்டும் ஒரு வாளி தண்ணீரும் வந்துவிட்டன. கை கழுவாமல் எப்படிக் கிளம்புவது?

1.00. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். மணம் ஆளைத் தூக்கியது, ஆனால் நான் கிழங்கைத் தட்டில் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். அரிசி டிரம் திறக்கும் சத்தம் கேட்டது. கையோடு ஒரு பழைய லுங்கித் துணியில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். மேலெல்லாம் அரிசித் தவிடு.

பிரித்தேன். இரண்டு டூல்பாக்ஸ் மூடிகள். மெரூன். முடிபோல் மெல்லிய தங்கக் கோடு, ஒரு இடத்திலும் அறாமல்.

"எட்டி! நீயா எடுத்து வச்ச?" என்று கிளீட்டஸ் கையில் கிழங்கோடு எழுந்துவிட்டார்.

"பின்ன? சாரு மூணு வாட்டி பறைஞ்சாரு. மூணு வாட்டி பறையணும்னா அதுல ஒரு காரியம் இருக்கும். ஒங்ககிட்ட பறைஞ்சா கேக்கணுமே. பிரஷ்ஷக் கையில எடுத்தா குறுக்க நிக்கிய என்னையும் சேத்து அடிச்சிருவிய. கழத்த முடிஞ்சது இது ரெண்டுதான்."

நான் சிரித்தேன். கிளீட்டஸ் சிரிக்கவில்லை. மூடியைப் பார்த்தார், முற்றத்து நீலத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பம் நான் கெடுத்துப் போட்டேனா சாரே?"

ஒரு பெரிய கிழங்குத் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். இந்தப் பெயிண்ட் அடிக்க அவர் இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை என்று ஜெசிந்தாள் பிறகுதான் சொன்னார். "தின்னர் போட்டு எல்லாத்தையும் தொடச்சித் தந்திரட்டா?" என்று கிளீட்டஸ் அடுத்து கேட்டபோதுதான் அவசரமாக விழுங்கிவிட்டு, "ஐயோ, தொடாதீங்க!" என்றேன். நீலத்துக்கு அடியில் இருக்கும் மெரூன் மிச்சமும் போய்விடுமே.

கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை, சாளைக் கறியோடு போயிருக்கலாம். பணத்தைக் கொடுத்தேன், ஆர்.சி. புத்தகத்தை வாங்கினேன்.

3.30. மதுரைக்கு மீன் ஏற்றிப் போகும் லாரியில் இடம் பேசி வைத்திருந்தார் கிளீட்டஸ். வண்டிக்கு ஆயிரத்து இருநூறு. டிரைவர் பக்கத்தில் எனக்கு இலவசம். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, உரசாமல் இருக்கப் பழைய வலையைச் சுற்றிக் கட்டினார்கள். மூடிகள் என் மடியில். லாரி திரும்பும் வரை கிளீட்டஸ் கை காட்டவில்லை, வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று வழியெல்லாம் உறுத்தியது.

எங்கள் ஊரில் பழைய வண்டி விற்கிறவர்கள் டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் சாவி தருவார்கள். இங்கே நிறைத்துத் தந்தார்கள். ஒருவர் தன் வள்ளத்துக்கு வைத்திருந்த பெயிண்டைத் தந்தார். இன்னொருவர், முகம் பார்த்திராத ஒருவன் போனில் சொன்னதை நம்பி மூடிகளை அரிசிக்குள் ஒளித்து வைத்தார். நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

வீட்டில் நான்கு மாதம் வேலை நடந்தது. இன்ஜின் பிரித்துப் பூட்டியாயிற்று, வயரிங் புதிது, சீட் புதிது. மீன் வாடை மட்டும் மூன்று வாரம் இருந்தது. கடைசியில் மூடிகளைப் பெயிண்டரிடம் கொண்டுபோனேன். பார்த்ததும், "சார், இந்த மெரூனை அச்சு அசலாக் கலந்துடலாம். நீலத்தைச் சுரண்டிட்டு வண்டி முழுக்க அடிச்சுத் தர்றேன்" என்றார். இரண்டு வருடம் தேடியது இந்த மெரூனைத்தான், ஆனால் கிளீட்டஸின் நீலத்தைச் சுரண்ட மனம் வரவில்லை. மூடிகளை மறுபடி லுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது என் எஸ்டி நீல உடம்பும் மெரூன் மூடியுமாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முதல் நாள் ஓட்டியதும் ஒரு படம் எடுத்து கிளீட்டஸுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சாரே, நெறம் மாத்தல்லியா?"

"மாத்தல. அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, கெடுத்துட்டேனான்னு. இல்லண்ணே."

அவர் போனை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் கூப்பிட்டது கேட்டது: "எட்டி, இஞ்ச வா. சாரு பறையியதக் கேளு."