கைக்கொழுந்து

இந்த மலையில் தோசை மாவு புளிக்காது. பாளையங்கோட்டையில் இருக்கிற உங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அங்கே சாயங்காலம் அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி, சட்டி விளிம்பைத் தாண்டி அடுக்களைத் தரையில் ஒழுகிக் கிடக்கும். இங்கே, கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் உப்பைக் கூட்டிப் பார்த்தேன், உளுந்தைக் கூட்டிப் பார்த்தேன், ஜெபம்கூடப் பண்ணிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீட்டிலிருந்து வந்த பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கிற பெண்தான் வழி சொன்னாள். சட்டியை உன் வீட்டுக்காரரின் கம்பளிச் சட்டையில் சுற்றி, வெந்நீர் அடுப்போரம் வை என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டு மாவு கிராணியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறது.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒருவர் பேசி முடித்த சம்பந்தம். மலேசியாவில் ஆபீஸ் உத்தியோகம் என்று எங்கள் வீட்டில் தலைகால் புரியாமல் ஆடினார்கள். வந்து பார்த்தால், மேலே தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா, கீழே லைன் வீடுகள், நடுவில் ஒரு மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். துரை வீட்டில் எனக்கு வேலை இல்லை. லைன் வீட்டுப் பெண்களோ என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். எல்லோருக்கும் நான் கிராணியம்மா. எமிலி என்று ஒரு பெயர் எனக்கு இருப்பதே மறந்துபோகும் நிலைமை. பாக்கியம் ஒருத்திதான் முதல் நாளே பெயரைக் கேட்டு, பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மழையில் மலைச்சரிவில் விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து ஒரு காலை இழுத்துத்தான் நடப்பாள்.

போன மாதம் பிரிஞ்சாங்கில் ஒரு பெரிய ஓட்டலில் பாக்கியத்துக்காகக் கை தட்டினார்கள். கோட்டுப் போட்டவர்கள், பேராசிரியர்கள், அரசாங்க ஆட்கள் எல்லோரும் தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஜெயந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சீமையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஆராயத் துரையிடம் அனுமதி வாங்கி வந்திருப்பதாகச் சொன்னாள். ஆராய்ச்சி என்றால் குழாயும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு செய்வது என்று நினைத்திருந்தவள் நான். மனிதர்கள் எப்படிக் கூடை சுமக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதும் ஆராய்ச்சிதான் என்று அவள் சொல்லித்தான் தெரியும். அது கிடக்கட்டும், அவள் வாயைத் திறந்தாளே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. பாளையங்கோட்டைக்காரி. "அக்கா, நல்லா இருக்கியளா" என்று அவள் கேட்டபோது நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அந்தப் பேச்சைக் காதால் கேட்டு வருஷக் கணக்காகிவிட்டது. பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். மாவு புளிக்கிற நாளெல்லாம் அவளுக்கு முறுகலாகத் தோசை வார்த்தேன். பெண்கள் அவளோடு பேசத் தயங்கியபோது, எங்க ஊர்ப் பிள்ளை, பயப்படாதீங்க என்று வீடு வீடாக நான்தான் கூட்டிப் போனேன். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கைக்கொழுந்து என்ன என்று சொல்லிவிடுகிறேன். தேயிலையின் இளம் இலைக்குக் கொழுந்து என்று பெயர். பெண்கள் அதைப் பறித்து முதுகுக் கூடையில் நிரப்பி, இறக்கத்தில் இருக்கிற நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். குறைந்தது இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. அடிக்கடி குறைந்தால் செக்ரோல் என்கிற வேலையாட்கள் பட்டியலில் பெயர் வெட்டுப்படும். பெயர் வெட்டுப்பட்டால் லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும். ஆகவே கொட்டகைக்கு இறங்குவதற்கு முன்னால், மலை மடிப்பில், வேலையை மேற்பார்க்கிற கங்காணியின் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவில் பெண்கள் மூச்சு வாங்குகிற மாதிரி நிற்பார்கள். அன்றைக்கு உடம்பு முடியாதவள் யாரோ, பிள்ளை பெற்று வந்தவள் யாரோ, அவள் கூடையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டுவிட்டு நடப்பார்கள். போடுகிறவள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். வாங்குகிறவள் நன்றி சொல்ல மாட்டாள். இதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதும் இல்லை. நம் பக்கத்தில் கல்யாண வீட்டு வாசலிலேயே ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து யார் என்ன மொய் செய்தார்கள் என்று எழுதுவார், திருப்பிச் செய்யாவிட்டால் தலைமுறைக்கும் பேச்சு. இங்கே கைக்கொழுந்துக்கு அப்படி எந்த நோட்டும் இல்லை. இடுப்பு பிசகிய பாக்கியம் லைன் வீட்டில் குடியிருந்தது அந்தக் கைப்பிடிகளால்தான்.

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். வளைவில் பெண்கள் நின்றார்கள். ஜெயந்தி பார்த்துவிட்டாள். எல்லோரும் கையை இழுத்துக்கொண்டார்கள். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்துச் செடியில் தானே ஒரு பிடி கொழுந்தைக் கிள்ளி, பாக்கியத்தின் கூடையில் போட்டாள். பெண்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்ல? காமிராவை என்னிடம் தந்து, மறுபடியும் தன் கையைக் கூடைக்கு மேலே வைத்து, அதைப் படம் எடுக்கச் சொன்னாள். நானும் பெருமையாக எடுத்தேன். அன்றிலிருந்து லைன் வீடுகளில் அவளுக்கு மூடிய கதவு கிடையாது. கைக்கொழுந்து எப்போது தொடங்கியது, எந்த வளைவு, எந்தக் கங்காணி கண்டும் காணாமல் போவார், எல்லாம் சொன்னார்கள்.  பாக்கியத்திடம் இப்படியெல்லாம் கொட்டலாமா என்று கேட்டேன்.

"எமிலி, அந்தப் பொண்ணு கை போட்டுருச்சில்ல? கை போட்டவ சொல்ல மாட்டா லா" என்றாள்.

அவர்கள் வழக்கம் அது. ஒருமுறை போட்டவள் அதில் பங்காளி, பங்காளி காட்டிக்கொடுக்க மாட்டாள். உலகத்தில் வேறு எவரும் இதற்காக ஒருத்தியை நம்பியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த நம்பிக்கை போதவில்லை. தோசை வார்க்கும்போது ஜெயந்தியிடமே கேட்டேன், இதையெல்லாம் எழுதப் போகிறாயா என்று.

"எழுதாம எப்படிக்கா? ஆனா அது எங்க பல்கலைக்கழகத்து அலமாரியில கெடந்து தூசி பிடிக்கப்போவுது. தோட்டத்து ஆபீசுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?" என்றாள். சட்னியும் இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அவள் போய் ஒரு வருஷம் கழிந்திருக்கும். பெரட்டுக் களம், அதாவது காலையில் பெயர் கூப்பிடுகிற இடம், எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே. வழக்கமாகப் பெரட்டுக்கு வராத துரை அன்றைக்கு வந்தார். வெள்ளைக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் சீக்கிரம், சரி, போ, வா அவ்வளவுதான். இனி ஒவ்வொரு செடி நிரையின் முடிவிலும் தராசு வரும், அங்கேயே அவரவர் கூடையை நிறுக்க வேண்டும் என்று கங்காணி அறிவித்தார். பெண்களுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அப்போது துரை தானே முன்னால் வந்து, ஒவ்வொரு எழுத்தாக மென்று சொன்னார்.

"இனி கைக்கொழுந்து இல்லை."

 அந்தச் சொல் பெண்களின் வாயைத் தவிர வேறு எந்த வாயிலும் புழங்கியது கிடையாது. பாக்கியம் மெல்லத் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். கையில் கரண்டியோடு நின்ற நான் எங்கே போய் ஒளிவது?

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரை, துரைக்கு அது எப்படித் தெரியும் என்று பிடித்துக்கொண்டேன். அவர் கையைக்கூடக் கழுவவில்லை. என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அது முதல்லயே பேசுனதுதானே. எழுதி முடிச்சதும் அதுல ஒரு காப்பி ஆபீசுக்குக் குடுக்கணும்னு சொல்லித்தானே துரை அவள உள்ள விட்டாரு. அவ உங்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன் லா."

என் வீட்டில் தூங்கி, என் கையால் தின்று, முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டு, என் ஊர்ப் பேச்சிலேயே என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். இவருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது நானும் கொழுந்து பறிக்கிறவர்களும்தான். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன். பேச்சு மட்டும் வெகு நாள் போடவில்லை. சண்டைக்குப் போகச் சொன்னேன், துரையிடம் எடுத்துச் சொல்லச் சொன்னேன். பிறந்ததிலிருந்து துரைக்கு முன்னால் உட்காராத மனுஷர், என்னத்தைச் சொல்வார்?

தராசு நிரைக்கு நிரை வந்தது. பாக்கியத்தின் எடை குறைந்தது, மறுபடி குறைந்தது, பெயர் வெட்டுப்பட்டது. அவளிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. டவுனில் போய் வேறு வேலை தேடவும் வழியில்லை. திரிங்காப்பில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோசு உரித்து அடுக்குகிற வேலைக்குப் போனாள். லாரியில் சாமான் ஏற்றுகிறபோது நான் ஓடிப்போய் நின்றேன். பிள்ளைகளைக் கூப்பிட்டாள், பானையைத் தூக்கி வைத்தாள். என்னை அவள் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. மற்ற பெண்கள் அதற்குப் பிறகு முன்னைவிட மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

ஓட்டல் கதைக்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து வந்த ஜெயந்தி இப்போது பேராசிரியை. தோட்டத் தொழிலாளர் நலனுக்கு அரசாங்கம் என்ன கொள்கை வகுக்கலாம் என்று ஒரு கருத்தரங்கு. அக்கா கட்டாயம் வரணும் என்று ஆளனுப்பியிருந்தாள். போனேன். முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்றுதான் போனேன். மேடையில் அவள் இங்கிலீஷில் பேசினாள். கைக்கொழுந்து என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னாள். ஏழைப் பெண்களின் எழுதப்படாத காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், என்று என்னவெல்லாமோ சொன்னாள். விளக்கை அணைத்துத் திரையில் நான் எடுத்த படத்தைக் காட்டினாள். பாக்கியத்தின் கூடை, அதற்கு மேலே ஒரு கை. அந்தக் கையில் கைக்கடிகாரம் இருந்தது. கொழுந்து பறிக்கிற எவள் கடிகாரம் கட்டிக்கொண்டு மலையேறுகிறாள்? ஒருவரும் கேட்கவில்லை, கை தட்டினார்கள்.

டீ குடிக்கிற நேரத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். உங்க தோசை மாதிரி எங்கேயும் இல்லைக்கா என்றாள். பாக்கியத்தைத் தோட்டத்தை விட்டுத் துரத்திவிட்டார்கள், தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். யார் என்று அவளுக்கு நினைவு வரவே அவ்வளவு நேரம் பிடித்தது.

"ஐயோ அக்கா, அவ்வொ பேர மாத்தித்தான் எழுதியிருக்கேன். யாருக்கும் அடையாளம் தெரியாது" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீ பேரத்தான் மாத்துன. இங்க அவ பேரே இல்லாமப் போச்சு" என்றேன்.

அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. யாரும் குற்றம் சொல்லாதபடி எல்லாம் முறையாகச் செய்திருக்கிறேன் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. ஆபீசுக்குக் கொடுக்காமல் யார் உள்ளே விடுவான், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள். நான்கு பேரை வைத்துக்கொண்டு அவளை நாறடித்திருக்கலாம். செய்யவில்லை. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு அவளுடைய பேச்சுதான்.

வீட்டுக்குப் போக ரிங்லெட் பஸ் பிடிக்க வேண்டும். நான் எதிர்ப்பக்கம் போகிற காய்கறி லாரியை நிறுத்தித் திரிங்காப்புக்குப் போனேன். தகரக் கொட்டகையில் பாக்கியம் கோசின் வெளி இலைகளை உரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. பெரியவளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்றாள், சின்னவள் தைக்கப் போகிறாள் என்றாள். ஓட்டலில் அவளுக்காகக் கை தட்டியதை நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. நல்ல புடவை நனைய அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நானும் ஒரு கோசை உரித்தேன். பேசாமல், அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கூடையில் போட்டேன். இன்னொன்று போட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.  பிறகு நான் போட்ட இரண்டையும் கூடையிலிருந்து எடுத்து, துடைத்து, ஒரு பழைய பேப்பரில் சுற்றி என் மடியில் வைத்தாள்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க, கிராணியம்மா" என்றாள்.

ஊருக்கு எப்போது வருகிறாய் எமிலி என்று நீங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்கிறீர்கள். ரிங்லெட் பஸ் வரும்வரை அந்தக் கோசுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிங்காப் சாலையில் நின்றேன். இந்த மலையில் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இனி ஒருவரும் இல்லை. நம் ஊர்ப் பேச்சில் யாராவது என்னை அக்கா என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்கவும் இப்போது பயமாக இருக்கிறது.