மூடி வீட்டு ஜன்னல்

என் அத்தானுக்குத் தெருவில் வழங்கும் பெயர் 'மூடி'. வாயைத் திறந்தால் "கதவை மூடு", "பாத்திரத்தை மூடு" என்பார். ஊர் சும்மா இருக்குமா? அதையே பெயராக வைத்துவிட்டது. "பேசினது போதும், வாயை மூடு, சூடு போகுது" என்றும் அத்தான் சொல்வார். ஆனால் அதை என்னிடம் மட்டும்தான் சொல்வார். மச்சினி என்றால் அவ்வளவு இளக்காரம்.

இத்தனைக்கும் அவர் பெரிய ஆஸ்பத்திரியில் பாய்லர் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக நாலு மாடிக்கும் வெந்நீரும் வெப்பமும் அவர் கையிலிருந்துதான் போகின்றன. அங்கே நோயாளிகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுப் படுத்திருப்பார்கள். இங்கே அவர் பெண்டாட்டி, அதாவது என் அக்கா, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு மூன்றாவதைத் தேடுவாள்.

"ஊருக்கெல்லாம் சூடு குடுக்கிறீங்க. வீட்டுல மட்டும் ஏன் அத்தான் இந்தக் கஞ்சத்தனம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஆஸ்பத்திரி சூடு. இது நம்ம சூடு" என்றார்.

மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும் அவர் ஒரு நாள் லீவு போடுவார். மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னல் சட்டம் முழுக்க மெதுவாக நகர்த்துவார். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே காற்று வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் பென்சிலால் கோடு. பிறகு மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய செய்தித்தாளை நாடா நாடாவாகக் கிழித்து ஒட்டுவார். நல்ல மாவை இதற்கு வீணாக்குவாரா? வண்டு விழுந்த மாவைப் போன வருஷத்திலிருந்தே எடுத்து வைத்திருப்பார். கதவடியில் வைக்க, பழைய பேண்டின் ஒரு காலை வெட்டி மணல் நிரப்பித் தைத்த உருளை ஒன்று உண்டு. அக்கா இருட்டில் அதில் இடறி, "ஐயோ, மிதிச்சிட்டேனா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் பயந்தும் போயிருக்கிறாள். முட்டை வெந்த தண்ணீர் ரப்பர் பைக்குள் போய் ராத்திரி படுக்கையைச் சூடாக்கும். காலையில் அதே தண்ணீரில் அவர் முகம் கழுவிக்கொள்வார்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குப் போன குளிர்காலத்தில் சிரிப்பு நின்றது. அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாற்பது கோட்டு தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தாள். ஹீட்டரில் இரண்டு கம்பி உண்டு. ஆனால் அத்தான் ஆட்சியில் எரிவது ஒன்றுதான். விரல் விறைத்து, ஊசி நகத்துக்குள் இறங்கி, இருபத்தாறோடு நின்றுபோனாள். மீதித் துணியைப் பள்ளிக்கூடம் திரும்ப வாங்கிக்கொண்டது. அன்றைக்கு அவள் அழவில்லை. மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு, அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைவிட அழுதிருக்கலாம்.

இந்த வருஷமும் பள்ளிக்கூடம் மனமிரங்கி நாற்பது கோட்டுக்குத் துணி கொடுத்தது. இதிலும் சொதப்பினால் அடுத்த வருஷம் வாசற்படி மிதிக்க முடியாது. துணி வந்த அன்றே அக்கா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தானிடம் சொன்னாள்:

"இந்தக் குளிர்ல வீட்டுக்குள்ள என் மூச்சு புகையா ஒரே ஒரு தடவை தெரிஞ்சாலும் சரி. மெஷினைத் தூக்கிக்கிட்டு இவ வீட்டுக்குப் போயிடுவேன். வெயில் வந்தப்புறம்தான் திரும்புவேன்."

"ஒரு தடவைகூடத் தெரியாது" என்றார் அத்தான். "ரெண்டாவது கம்பியும் போட மாட்டேன். பார்க்கிறியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மூன்று தெரு தள்ளி, இரண்டு அறையில் தனியாக இருக்கிறவள். ரயில் நிலையத்தில் நாள் முழுக்க டிக்கெட் கொடுத்துவிட்டு வந்தால், வீட்டில் என்னோடு பேச ரேடியோதான் உண்டு. அக்கா வந்து நாலு மாதம் இருந்தால் எப்படி இருக்கும்! அன்று சாயங்காலமே அலமாரியில் பாதியைக் காலி செய்தேன். புதுப் போர்வை ஒன்றும் வாங்கினேன். யார் ஜெயிக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

அத்தானும் சளைக்கவில்லை. இந்த வருஷம் அவர் அடைத்ததைப் போல எவரும் வீட்டை அடைத்திருக்க மாட்டார்கள். ஜன்னலுக்கு இரண்டு சுற்று காகிதம். சாவித் துவாரத்துக்குப் பஞ்சு. சமையலறைக் காற்றுத் துளைக்குப் பழைய ஸ்வெட்டர். குளிக்கிற வெந்நீரை ஆறும்வரை வடியவிடக் கூடாது என்றார். துவைத்த துணியைக் கூடத்திலேயே கொடி கட்டிக் காயப்போடச் சொன்னார். கெண்டியில் தண்ணீர் கொதித்தால் அதன் ஆவிகூடச் சமையலறையிலிருந்து மெஷின் இருக்கும் அறைக்கு வந்தாக வேண்டும். "ஆவின்னா என்ன? அதுவும் சூடுதான். ஏன் வெளிய விடணும்?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பரிசோதனைக்குப் போவேன். மெஷின் பக்கத்தில் நின்று 'ஹா' என்று ஊதிப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. மூலையில் போய் ஊதுவேன். கட்டிலடியில் குனிந்துகூட ஊதினேன். அத்தான் தெர்மாமீட்டரை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"பதினாறு. நல்லாப் பாரு, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு."

நான் வீட்டுக்குப் போய்ப் போர்வையை உதறி மறுபடி மடித்து வைப்பேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. நான் போனபோது ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உப்பு ஜாடியில் உப்பு குழைந்து கிடந்தது. அத்தான் தீக்குச்சியை மூன்று முறை உரசியும் பற்றவில்லை. அக்கா துணியில் கோடு போடும் சாக்கட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பத்தொன்பது கோட்டு முடிந்திருந்தது. இருபதாவது அவள் மடியில்.

டிக்கெட் வாங்கவந்த ஒருவர் ஊர் பெயரை மறந்துவிட்டு, "எங்க மாமியார் ஊருக்கு ஒண்ணு குடுங்க" என்று என்னிடம் சண்டை போட்ட கதையைச் சொன்னேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு சேர்ந்து அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகை வந்தது.

மூன்று பேரும் பார்த்தோம். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"இருக்க முடியாது" என்று சுவருக்கு ஓடினார். தெர்மாமீட்டர் பதினாலு காட்டியது. "பதினாலுல எப்படித் தெரியும்? வாய்ப்பே இல்ல. நீ ஊது." நான் ஊதினேன். மனம் நிறைய ஊதினேன். ரயில் என்ஜின் தோற்றது.

அத்தான் சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரல் நனைந்தது. அவர் நினைத்திருந்தால் தெர்மாமீட்டரைக் காட்டி வாதாடியிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதை என்னாலும் மறுக்க முடியாது.

"ஈரம்" என்றார். "துணி காயறது, கெண்டி கொதிக்கிறது, நாம விடற மூச்சு, எல்லாம் இந்த அறைக்குள்ளயே நிக்குது. வெளிய போக ஒரு ஓட்டை இல்ல. காத்துல இவ்வளவு ஈரம் இருந்தா, குளிர் கம்மியா இருந்தாலும் மூச்சு தெரியத்தான் செய்யும். பாய்லர்னு நினைச்சு வீட்டை அடைச்சிட்டேன்."

"அதெல்லாம் எனக்கு வேணாம். மூச்சு தெரிஞ்சுதா, இல்லையா?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுது."

அக்கா மடியிலிருந்த கோட்டை எடுத்து வைத்துவிட்டு, மெஷினைச் சுற்ற ஒரு போர்வையை எடுத்தாள். நான் ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றேன்.

அத்தான் ஜன்னலிடம் போனார். காகித நாடாவை ஒரு முனையில் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். இரண்டு சுற்றும் போயிற்று. தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்தார். குளிர்காற்று உள்ளே வந்தது. அவர் பாதுகாத்த சூடெல்லாம் தெருவுக்குப் போயிற்று. வீட்டுக்குக் கீழே இருக்கும் ரொட்டிக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து கத்தினார்:

"என்ன சார், தீ கீ பிடிச்சிருச்சா? உங்க ஜன்னல் திறந்திருக்கே!"

எதிர்வீட்டிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப்பார்த்தன. ஒருவர் வாளியோடு வந்துவிட்டார்.

அக்கா போர்வையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "எவ்வளவு நேரம் திறந்து வச்சா ஈரம் போகும்?"

"பத்து நிமிஷம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ரெண்டாவது கம்பியும் போடணும். அப்ப உன் விரல் விறைக்காது, துணியும் நமுத்துப் போகாது."

"தினமும் திறக்க உங்களுக்கு மனசு வருமா?"

அத்தான் யோசித்தார். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"வராது" என்றார். "ரெண்டு நாள் திறப்பேன். மூணாம் நாள் அஞ்சு நிமிஷமாக்குவேன். அப்புறம் ஒட்டிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? நீ போ. போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாது. மெஷினை நானே தூக்கிட்டு வரேன்."

சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கக் குனிந்தார். அவர் மூக்கு நுனி சிவந்திருந்தது. அது குளிரால் வந்த சிவப்பு மட்டும்தான் என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை.

"வைங்க கீழ" என்றாள் அக்கா. "உங்களால திறக்க முடியாதுன்னா நான் திறக்கிறேன். அந்தப் பத்து நிமிஷமும் நீங்க இந்த அறையில இருக்கக் கூடாது. கீழ போய் நில்லுங்க. நான் கூப்பிட்டப்புறம் வந்தா போதும்."

வாசலில் நின்ற என் கையிலிருந்து ஊசிப்பெட்டியையும் வாங்கிக்கொண்டாள். "நீ எங்கடி கிளம்பிட்டே?" என்று வேறு கேட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போய் அந்தப் புதுப் போர்வையை நானே போர்த்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். காலி செய்த அலமாரியை நிரப்ப ஒரு வாரம் கை வரவில்லை. அக்காவின் நாற்பது கோட்டும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அதற்காகவாவது சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

இந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை இல்லாத நேரங்களில், அத்தான் கையைக் கட்டிக்கொண்டு ரொட்டிக்கடை வாசலில் நிற்பதைத் தெருவே பார்த்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது நானும் பார்த்தேன். மேலே ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அக்கா மெஷின் ஓட்டும் சத்தம் கீழேவரை கேட்டது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்டுவிட மனமில்லாமல் சீண்டினேன்: "என்ன அத்தான், நம்ம சூடெல்லாம் போகுதே?"

"போகட்டும்" என்றார். "உங்கக்கா உள்ளதானே இருக்கா."