குழாய்க் கல்லின் அடிப்பாதி

என் கல்லில் பாதியை வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர் வேதாசலம் சார். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நான் கல் அறுப்பவன், அவர் அறுத்த கல்லைப் படிப்பவர். கல்லுக்குள் குழாய் இருக்கும். குழாய்க்குள் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்திருக்கும். அது யார் என்று சொல்வது அவர் வேலை. பெரிய மனிதர்களிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு வழி பார்த்திருப்பவர்களே, உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

பேப்பர் கப்

வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த அம்மா ஒருவர் மிகப் பழைய கற்கள் கொண்டு வந்தார். கண் உள்ள பிராணி ஒன்றுகூடப் பிறக்காத காலத்துக் கடலாம். குறுக்கே அறுத்தால் வெறும் வளையம்தான். நீளவாக்கில் அறுத்தேன். அறுக்கும் சக்கரத்துத் தண்ணீர் பாலாக வழிந்து ஓய்ந்ததும், ஒன்றுக்குள் ஒன்று செருகிய கிண்ணங்கள் தெரிந்தன. குழாயின் அடிமுனை ஓட்டையாக இருந்தால் புழுவாக இருக்கலாம், மூடியிருந்தால் பவளத்துக்கு உறவாக இருக்கலாம் என்றார் சார். ஆராய்ச்சி மாணவி செல்வி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"டீக்கடையில கப்பை அடுக்கின மாதிரியே இருக்குண்ணே. கட்டினவருதான் விலாசம் சொல்லாமப் போயிட்டாரு."

கடைமடை

பேராவூரணிப் பக்கத்து விவசாயி ஒருவர், அஸ்திவாரத்துக்கு இறக்கிய அரியலூர்க் கல் ஒன்றை மஞ்சள் பையில் கொண்டு வந்தார். அதிலும் குழாய். "உள்ள பாம்பு இருக்குங்களா?" என்றார். பாம்பில்லை, கடல் புழு கட்டிய கூடு, அரியலூரே ஒரு காலத்தில் கடல் என்று சார் விளக்கி முடித்தார். விவசாயி கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அங்க வரைக்கும் கடலே வந்துட்டுப் போயிருக்கு. எங்க வாய்க்காலுக்கு இன்னும் ஆத்துத் தண்ணி வரலியேங்க."

நாகூர்ச் சேறு

உயிரோடு இருக்கும் குழாய்வாசியைக் காட்ட சார் என்னை நாகூருக்கு அழைத்துப் போனார். முகத்துவாரச் சேற்றில், மணலும் கிளிஞ்சல் தூளும் ஒட்டிய சின்னக் குழாய்கள் நின்றன. குனிந்து பார்த்தால் எல்லாம் வெற்று ஓட்டை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. கண்ணை மூடினேன். யாருக்கும் கண் இல்லாத அந்தப் பழைய கடல் வந்து என் கணுக்காலை நனைப்பது போல இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, படகு கழுவிக்கொண்டிருந்த மீனவர்தான் எழுப்பினார்.

"உங்க நிழல் விழுந்தா அது வெளிய வராதுங்க. நீங்க போனப்புறம்தான் வரும்."

என் கல்

அந்த வெளிநாட்டு அம்மா ஊர் திரும்பும்போது கட்டைவிரல் அளவு கல் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அந்த ஆய்வகத்தில் எனக்கென்று யாரும் தந்தது அது ஒன்றுதான். சாருக்குப் பொறுக்கவில்லை. "அறுத்துப் பார்த்துடலாம்ப்பா" என்றார். நானே நீளவாக்கில் ஒரு பக்கம் சீவிவிட்டு, நடுவில் குறுக்கே அறுத்தேன். மேல்பாதி எனக்கு, அடிப்பாதி அவர் சட்டைப்பைக்குப் போனது. அடி மூடியா, ஓட்டையா என்று பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை தருவதாகப் பேச்சு.

இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. மத்தியானங்களில் ஜன்னலோரம் என் பாதியைப் பிடித்துப் பார்க்கிறேன். கிண்ணத்துக்குள் கிண்ணமாக அந்த வீடு கீழே இறங்கிப் போகிறது. எங்கே முடிகிறதென்று தெரிய வேண்டிய இடத்தில் கல் இல்லை. என்னுடையது புழுவா, பவளத்துக்கு உறவா? அது தெரியாமல் போய்விடுவேனோ என்பதுதான் கவலை. கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை சாருடையது. ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அம்பத்தஞ்சு கோடி வருஷம் பொறுத்த கல்லு கோவிந்தராசு, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்காதா?"

கல் பொறுக்கும் சார், எனக்குத்தான் எழுபது நடக்கிறது.