பாங்காக்கில் நூல் கொளுத்தியது

பாங்காக்குக்குப் போன எங்கள் மூன்று பேரில் எனக்குத்தான் வாய் அதிகம். கூட வந்தவர்களில் ஒருத்தி என் ஓரகத்தி, பயந்தாங்கொள்ளி. இன்னொருத்தி எதிர்வீட்டுக்காரி. ஆரணியில் மூன்று பேரும் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர்கள். டூர்க்காரர் ஒருத்தர் ஆள் சேர்த்தார், கிளம்பிவிட்டோம். நானும் ஓரகத்தியும் ஊர் பார்க்கப் போனோம். எதிர்வீட்டுக்காரி மகனைப் பார்க்க வந்தாள்.

மகனுக்கு அங்கே பெரிய வேலை. பேத்தியை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள். குழந்தைக்கென்று தானே நெய்து தைத்த பட்டுப்பாவாடையைக் கைப்பையில் வைத்திருந்தாள். பெட்டியில் போட்டால் விமானத்தில் தொலைந்துவிடுமாம்.

ஏர்போர்ட்டுக்கு மகன் வரவில்லை. முதல் நாள் படுத்திருக்கும் புத்தரைக் காட்டினார்கள். ஒரு தெரு நீளத்துக்குப் படுத்திருந்தார்.

"இன்னாடி, உன் புள்ள மாதிரியே கீறாரு. எத்தினி பேரு வந்து நின்னாலும் எய்ந்துக்க மாட்றாரே" என்றேன்.

"அவனுக்கு மீட்டிங்குடி. சாயங்காலம் வரேன்னு சொல்லிக்கீறான்."

சாயங்காலம் நல்ல புடவை கட்டி, பூ இல்லாத குறைக்கு இரண்டு தரம் தலை வாரிக்கொண்டு ஓட்டல் வாசலில் உட்கார்ந்தாள். அங்கே கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். யார் யாரோ வந்தார்கள்.

"ஒக்காருடி, முட்டி தேஞ்சிடப் போவுது. உன் புள்ள வந்தா கதவே சொல்லும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆற்றில் படகு. அப்புறம் கடைத்தெருவில் தட்டுத் தட்டாக வறுத்த வெட்டுக்கிளி. "உன் மருமவளுக்கு ரெண்டு கட்டிக்கினு போயேன்" என்றேன். அவள் போனைக் காதில் வைத்திருந்தாள். மகன் நாளைக்குப் பார்க்கலாம் என்றானாம்.

மூன்றாம் நாள் ஒரு பட்டுக்கடைக்குள் நுழைந்தோம். கடைப்பெண் சால்வையை விரித்து "சில்க், சில்க்" என்றாள். எங்கள் ஊரில் பட்டு என்று யார் சொன்னாலும் நம்பமாட்டோம். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். நிஜப் பட்டானால் தலைமயிர் தீய்ந்த வாடை வரும், சாம்பல் உதிரும். பொய்யானால் உருகி உருண்டுகொள்ளும். அந்த ஊர் நாலுமுகப் பிரம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்ற வாங்கிய லைட்டர் என் இடுப்பில் இருந்தது. உருவினேன், கொளுத்தினேன். உருண்டது.

கடைப்பெண் அலறினாள். காவல்காரன் ஓடிவந்து மூன்று பேரையும் பின்னறையில் உட்கார வைத்தான். தெரிந்தவர் யாருடைய போன் நம்பராவது கேட்டான்.

"டூர்க்காரரு நம்பரக் குடு, ஜல்தி" என்று ஓரகத்தி அழுதாள்.

"நீ கம்முனு கெட" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்காரியின் போனைப் பிடுங்கி மகனின் நம்பரைக் காட்டினேன். நான் லைட்டரை எடுத்தது நூலைச் சோதிக்க மட்டும் இல்லை என்று ஓரகத்தி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும்.

இரண்டு நாளாக நேரமே கிடைக்காதவன், நாங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டான். நல்ல சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. கடை மேனேஜரைப் பார்த்துக் கைகூப்பிக் கைகூப்பிப் பேசினான். அவர் எதிர்வீட்டுக்காரியைக் காட்டி "மதர்?" என்று கேட்டார். மூக்கும் முழியும் ஒரே அச்சு, கேட்கத்தானே செய்வார்.

"நோ, நோ. நெய்பர். மை வில்லேஜ்" என்றான்.

நான் படிக்காதவள்தான். ஆனால் அந்த இங்கிலீஷ் எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது. அவள் எழுந்து நின்றாள். அந்த ஊர் வழக்கப்படியே கைகூப்பி, "ஆமா சார், நெய்பரு சார்" என்றாள்.

வெளியே வந்ததும் அவன் குரல் மாறியது. "ஏம்மா, போற எடத்துலலாம் மானத்த வாங்குறீங்க? ஆபீஸுக்குத் தெரிஞ்சா எவ்ளோ பேஜாரு தெரியுமா? இப்டிச் சொன்னாதான் வுடுவாங்க."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற முகம்தான். ஆனாலும் மூன்று நாளில் கிடைத்த ஒரே முகம்.

"பாப்பாவுக்கு இன்னாவோ எட்த்தாந்தேன்னியே, குடு. நான் கெளம்பணும்" என்று கையை நீட்டினான்.

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பக்கத்து வூட்டுக்காரி குடுத்தா கொயந்த போட்டுக்குமா சார்?"

அவன் மணியைப் பார்த்தான், டாக்சியில் ஏறிப் போய்விட்டான்.

"வர வச்சேனா இல்லியா? எனக்கு ஒரு நன்றிகூட இல்ல" என்றேன். ஓரகத்தி என் தொடையில் கிள்ளினாள்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் எதிர்வீட்டுக்காரி தயாராக இருந்தாள். அதே நல்ல புடவை, வாரிய தலை, தோளில் கைப்பை. உள்ளங்கையில் என் லைட்டர்.

"எய்ந்து கெளம்புங்கடி" என்றாள். "இன்னிக்கு எந்தக் கடையில கொளுத்தலாம்?"