ஒழுகாத கூரை

மாலை மூன்றே முக்கால் மணிக்குப் பக்கத்து வீட்டம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்கு வந்து, பந்தலுக்குப் புதிதாகப் போட்ட கூரையை அண்ணாந்து பார்த்தார். அதிலிருந்துதான் எல்லாம் கோணிக்கொண்டு போயிற்று.

புத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டி அவர்கள் குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்த யூதக் குடும்பம். அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அவர்கள் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. புரட்டாசி வாக்கில் அவர்களுக்கு ஒரு பண்டிகை. வானம் பார்த்த இடத்தில் பந்தல் போட்டு ஒரு வாரம் அதில்தான் சாப்பிடுவார்களாம். முன்னோர் பாலைவனத்தில் குடிசையில் கிடந்த ஞாபகம்.

பண்டிகைக்கு முந்தின ஒரு வாரமும் பெண்கள் இருவருக்கும் பந்தலுக்கு அலங்காரம் செய்வதே வேலை. பனங்குருத்தில் குருவியும் மீனும் முடைந்தார்கள். புளியங்கொட்டையை ஊறவைத்து, கோணி ஊசியால் துளைத்து மாலை கோத்தார்கள். குன்றிமணியை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன். விஷம் என்று யாரோ சொன்னது போதும் எனக்கு. என் பெண் ஆடி மாதம் நிமோனியாவில் கிடந்து எழுந்தவள். அவள் இருமினால் நான் அடுத்த அறையில் எழுந்து உட்காருவேன்.

பண்டிகை தொடங்கும் அன்று மத்தியானம் வடகிழக்கே கறுத்தது. அந்தப் பந்தலில்தான் என் பெண்ணும் ராத்திரி சாப்பிடப் போகிறாள். அந்த அம்மாள் சமையலில் இருந்தார். நானே பந்தலுக்குக் கூரை போட வந்தவரிடம் போய், ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது என்றேன். அவர் முடைந்த கீற்றை இரண்டு வரிசை நெருக்கிக் கட்டிவிட்டுப் போனார். அப்படிக் கட்டக் கூடாதும்மா என்று என் பெண் இரண்டு தரம் சொன்னாள். கூரை போட உனக்குத் தெரியுமா என்று அதட்டினேன்.

இனி அந்த மூன்றே முக்கால் மணிக்கு வருகிறேன். கூரையைப் பார்த்த அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்:

"ரொம்ப அழகா இருக்கு அக்கா. ஆனா உள்ளே இருந்து நட்சத்திரம் தெரியணும். பெரிய மழை வந்தா நனையணும். இல்லேன்னா எங்களுக்கு இது பந்தலே இல்லே."

ஒழுகினால்தான் கூரை என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. முகம் சுண்டிவிட்டது. வேறு என்ன போடலாம் என்று கேட்டேன். முடையாத பச்சை ஓலையைப் பரவலாகப் போட்டால் போதும் என்றார். அது ஸ்ரீரங்கத்தில் என் அண்ணா தோப்பில்தான் கிடைக்கும், இந்நேரத்துக்கு யார் போவது என்று சலித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது பெண்கள் இருவரையும் காணோம். பாதி கோத்த மாலை தரையில் கிடந்தது.

முதலில் மாடியில் தேடினேன். பிறகு தெருவில். பஸ் நிற்கும் இடத்து வெற்றிலைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பாப்பாவும் ஸ்ரீரங்கம் பஸ்ல ஏறிச்சுங்க. ஓலை கொண்டாரப் போறோம்னுச்சுங்க. யாருக்கும்மா கல்யாணம்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே ஏறிடுச்சுங்க."

அண்ணா தோப்பு காவிரிக் கரையில் இருக்கிறது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தூறல் விழுந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறப் போனவளை அந்த அம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் அந்தப் பக்கம் போக, அவர்கள் இந்தப் பக்கம் வந்தால் என்ன செய்வது என்றார். அவர் பெண்ணும்தான் போயிருக்கிறாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். வந்த பஸ்ஸிலெல்லாம் யார் யாரோ இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த அம்மாள் பண்டிகை விளக்கு ஏற்ற வேண்டும். அதற்கப்புறம் ஏற்றக் கூடாதாம். உள்ளே போய் ஏற்றிவிட்டு வாருங்கள் என்றேன். தலையை ஆட்டினார், நகரவில்லை. தீப்பெட்டியை முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு என் கூடவே நின்றார். இன்றைக்கும் யாராவது தீப்பெட்டியை எடுத்தால் நான் வாசலை எட்டிப் பார்க்கிறேன்.

தூறல் விட்டு, சாயும் வெயில் மாடிச் சுவரின் உச்சிக்கு ஏறியபோது ஒரு ஜட்கா திரும்பியது. கூண்டின் மேல் பச்சை ஓலை குவிந்து, இரண்டு பக்கமும் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. வண்டிக்காரர் பக்கத்தில், மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தொப்பலாக நனைந்த என் அண்ணா. சாயங்காலத்தில் கோயிலைத் தவிர எங்கும் போகாதவர். கூண்டுக்குள் வைக்கோலில் பெண்கள் இருவரும் மடி நிறையப் பாக்குக் காயோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பெண்ணின் தலையை, கழுத்தை, பாதத்தைத் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை. அப்படியும் கையை எடுக்கவில்லை.

அண்ணா இறங்கி வேஷ்டியைப் பிழிந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கொழந்தைக்கு ஒண்ணுமில்லேடி. அழுதது போறும். நீ போட்ட கூரையை மொதல்லே பிரி. இருட்டறத்துக்குள்ளே நட்சத்திரத்துக்கு வழி விடணுமாமே."