எத்தனை பக்கம்?

முன்பின் தெரியாதவர்கள் மெயிலில் அனுப்பும் இணைப்பைத் திறக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லலாம். ஜெராக்ஸ் அக்காவிடம் சொன்னால் அவள் கடையை மூட வேண்டியதுதான். யார் யாரோ அனுப்புவதைத் திறந்து பிரிண்ட் போட்டுத் தருவதுதான் அவள் பிழைப்பே.

அதனால் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். அனுப்பினவர் எதிரில் வந்து நிற்க வேண்டும், இல்லை போனிலாவது பேச வேண்டும். "என்ன அனுப்பினீங்க? எத்தனை பக்கம்?" பதில் சரியாக இருந்தால்தான் மவுஸ் நகரும். ஒருமுறை வக்கீல் ஒருவர், "ஏம்மா, நான் என்ன திருடனா?" என்று எகிறினார்.

"நீங்க இல்ல சார். உங்க பேர்ல எவனாவது இருப்பான். எத்தனை பக்கம்?"

வக்கீல் கப்சிப்பென்று எண்ணத் தொடங்கினார்.

சிடுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும்போது அவள் அடிக்கும் கமெண்டில் பாதிப் பேர் பல்லைக் காட்டிப் படத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். அந்த வாய்தான் அவளுக்கு எமன். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், தான் கட்டிக்க நினைக்கிறவனின் படத்தை ஆசையாக அனுப்ப, அதில் அவன் முறைத்த முறைப்பைப் பார்த்து அக்கா, "போலீஸ் ஸ்டேஷன் சுவத்துல ஒட்ட எடுத்ததாடி?" என்று கேட்டுத் தொலைத்தாள். அன்று போனை வைத்தவள்தான் மகள். இரண்டு மாதமாயிற்று. இவளும் கூப்பிடவில்லை. வீம்பில் மகள் அம்மாவின் ஜெராக்ஸ்.

ஒரு மதியம் மகளிடமிருந்து மெயில் வந்தது. "அன்புள்ள அம்மா, எங்கள் கல்யாணப் படங்கள் இணைப்பில்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"என்னைக் கூப்பிடாமலே கல்யாணம் பண்ணிக்கிட்டாண்ணே."

"அடிப்பாவி! திற, பார்ப்போம். மாப்பிள்ளை சட்டை எவன் தைச்சதுன்னு தெரியணும்."

விரல் தானாக மவுஸில் போய் உட்கார்ந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் மகள் முகம். ஆனால் அதே கம்ப்யூட்டரில்தான் மறுநாள் கொடுக்க வேண்டிய பதினோரு மாணவர்களின் ஆய்வேடுகள் கிடந்தன. வைரஸ் புகுந்தால் அத்தனையும் போச்சு. விரலை எடுத்துவிட்டாள்.

"உன் பொண்ணுதானேம்மா!"

"வக்கீலையே விடலேண்ணே."

இனி அனுப்பினவளைக் கேட்க வேண்டியதுதான். அதாவது, செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்றிருந்த நம்பரைக் கூப்பிட வேண்டும். மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள் மகள். "என்ன?"

"படம் அனுப்பினியே, எத்தனை?"

"என்ன படம்?"

"கல்யாணப் படம்டி!"

"யாருக்குக் கல்யாணம்? ஐயோ, காலையிலேர்ந்து என் மெயிலுக்குள்ள எவனோ புகுந்துட்டான். என் பேர்ல கண்டதையும் அனுப்பறான். திறந்துடாதே!" சட்டென்று குரல் இறங்கியது. "ஏம்மா, நீ இல்லாம நான் கல்யாணம் பண்ணிப்பேன்னு நம்பிட்டியா?"

அக்கா துணியை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையை அழுத்தித் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. பிறகு மெயிலை அழித்தாள்.

"அந்த முறைப்புக்காரன் எப்படி இருக்கான்?"

"அம்மா!"

"சரி, சரி. மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"சிரிக்கிற மாதிரி எடுத்து வெச்சிருக்கேன். போனுக்கு அனுப்பவா?"

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணும்மா."

ஒன்றுதான் வந்தது. திறந்தாள். தையல்காரர் தலையை நுழைத்து, "காலர் கோணலா இருக்கே" என்றார்.

மகள் காதில் விழாமல் அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "வாயை மூடுங்கண்ணே!"